கண் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்: தியேட்டரிலும் வராந்தாவிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. கண் ஆஸ்பத்திரி தியேட்டர்களில் உள்ள மைக்ராஸ்கோப், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவ் போன்றவற்றைச் சரிபார்த்துப் பழுது நீக்குகிறவன். நாகர்கோவிலில் இருந்து காலையில் பைக்கை எடுத்தால் தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் என்று ஒரு சுற்று முடித்து வீடு திரும்ப இருட்டிவிடும். போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான். தியேட்டர் சிஸ்டர்கள், புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள், வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில் எழுதிவிட்டேன். யாருக்கு என்ன சிகிச்சை என்பது டாக்டரின் முடிவு. இங்கே இருப்பது கருவியைப் பற்றிய பேச்சு.

“மைக்ராஸ்கோப்னா லேப்ல ரத்தம் பாக்குறதுதானே? அதை வச்சு எப்படி ஆபரேஷன் பண்ணுவாங்க?”

இரண்டும் ஒரே பெயர், வேலை வேறு. லேப் மைக்ராஸ்கோப் ஆயிரம் மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், ஆனால் லென்ஸ் ஸ்லைடை ஒட்டிக்கொண்டு நிற்கும். தியேட்டரில் இருப்பது நாலு மடங்கில் தொடங்கி இருபது மடங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக அதன் கீழ் லென்ஸுக்கும் நோயாளியின் கண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடம் கிடைக்கும். பெரும்பாலும் 200 மி.மீ., சிலவற்றில் 175 மி.மீ. அந்த இடத்தில்தான் டாக்டரின் இரண்டு கையும் கருவிகளும் வேலை செய்கின்றன. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் எது மேலே, எது ஆழத்தில் என்பதும் தெரியும்.

இது இல்லாமல் முடியாதா என்றால், ஒரு காலத்தில் இல்லாமல்தான் செய்தார்கள். 1921-இல் ஸ்டாக்ஹோமில் நீலேன் என்ற டாக்டர் காது ஆபரேஷனுக்கு முதலில் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தார். கண்ணுக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1946-இல் சிகாகோவில் பெரிட் அதைக் கண் ஆபரேஷனில் பயன்படுத்தினார். இன்றைக்குப் புரையை எடுத்த பிறகு மிஞ்சும், கண் லென்ஸின் பின்பக்க உறை, நடுவில் ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். தைக்கிற 10-0 நைலான் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. வெறுங்கண்ணால் இதில் கை வைக்க இன்று எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார்.

“எங்க பாட்டாவுக்குப் புரை ஆபரேஷன். அந்த லைட்டைப் பாத்துக்கிட்டே கெடந்தா கண்ணு போயிராதா?”

வராந்தாவில் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. வழக்கமான புரை ஆபரேஷன் அனுபவமுள்ள டாக்டரின் கையில் பத்து, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். லைட்டைத் தேவையான அளவுக்கு மட்டும் வைத்து அந்த நேரத்துக்குள் முடித்தால் பயப்பட வேண்டியதில்லை. பாட்டாவுக்கு முதலில் கண் கூசும், அப்புறம் நிறம் நிறமாக வெளிச்சமும் நிழல் அசைவதும் தெரியும். அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர் பதறமாட்டார்.

ஆனால் “லைட்டால் ஒன்றுமே ஆகாது” என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. வெயிலைப் பார்த்தால் நாம் இமையை மூடுகிறோம், தலையைத் திருப்புகிறோம். தியேட்டரில் இமையைக் கம்பி வைத்துத் திறந்திருப்பார்கள். சொட்டு மருந்தால் கண்மணி அகலமாக விரிந்திருக்கும். பெரும்பாலும் ஊசி போட்டுக் கண்ணை அசையாமலும் ஆக்கியிருப்பார்கள். கண்ணின் சொந்தக் காவல் எல்லாவற்றையும் நாமே எடுத்துவிட்டோம். அந்தக் காவல் வேலையை இப்போது தியேட்டரில் இருப்பவர்கள்தான் செய்யவேண்டும். மைக்ராஸ்கோப் வெளிச்சத்தால் விழித்திரையில் புண் விழுந்த நோயாளிகளைப் பற்றி 1983-இல் அமெரிக்காவில் மெக்டொனால்டு, அர்வைன் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். தியேட்டர்கள் லைட்டைக் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

“எங்களுது எல்இடி. சூடே இல்லண்ணே. அப்புறம் என்ன பயம்?”

இதைக் கேட்காத தியேட்டரே இல்லை. கெடுப்பது சூடு இல்லை. பழைய ஹாலோஜன் மைக்ராஸ்கோப்பிலும் சூட்டைத் தடுக்கிற கண்ணாடி உள்ளேயே இருக்கும், நோயாளியின் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் வெறும் வெளிச்சம்தான். அந்த வெளிச்சம் விழித்திரை செல்களில் வேதிமாற்றத்தை உண்டாக்குகிறது. அதிலும் நீலப் பக்கம்தான் மோசம். 440 நானோமீட்டரை ஒட்டிய நீலம் விழித்திரைக்கு ஆகவே ஆகாது. வெள்ளை எல்இடியில் 450-ஐ ஒட்டி நீலம் தூக்கலாக இருக்கும். ஆக, எல்இடி என்பதால் அலட்சியம் கூடாது. சொல்லப்போனால் ஹாலோஜனைக் குறைத்தால் அது மஞ்சளடித்து நீலமும் சேர்ந்து குறையும். எல்இடியைக் குறைத்தால் நிறம் அநேகமாக மாறாது, அளவு மட்டும்தான் குறையும்.

கணக்கு எளிது. வெளிச்சத்தின் அளவை நேரத்தால் பெருக்குங்கள். பாதி வெளிச்சத்தில் இருபது நிமிடமும் முழு வெளிச்சத்தில் பத்து நிமிடமும் விழித்திரைக்கு ஏறக்குறைய ஒன்று. நேரத்தைக் குறைப்பது டாக்டரின் கையில் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைப்பது ஒரு திருகில் இருக்கிறது.

“டாக்டர் ‘லைட் பத்தல, ஏத்து’ன்னு சொல்லுதாரு. நான் ஏத்தாம இருக்க முடியுமா?”

முடியாது, ஏற்றுங்கள். ஆனால் ஏன் பத்தவில்லை என்று அன்று சாயங்காலமாவது பாருங்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் லைட்டில் கோளாறே இல்லை. கீழ் லென்ஸில் உப்புக் கரைசல் தெறித்துக் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அல்லது பல்பு வயதாகிக் கறுத்திருக்கும். ஃபைபர் கேபிளைச் சுருட்டி மடக்கி வைத்ததில் உள்ளே இழைகள் அறுந்திருக்கும். அதைச் சோதிக்க ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி மறுமுனையைப் பாருங்கள். ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் அறுந்த இழை. அப்புறம், கேமராவும் மாணவர் பார்க்கும் குழலும் மாட்டியிருந்தால் டாக்டரின் கண்ணுக்குப் போகிற வெளிச்சத்தில் கணிசமான பங்கை அவை பிரித்துக்கொள்ளும். பதிவு தேவையில்லாத நாளில் அந்தப் பிரிப்பானைக் கழற்றிவிட்டாலே திருகை ஏற்றவேண்டிய அவசியம் போய்விடும்.

தியேட்டர் ட்யூப் லைட்டை அணைத்தால் மைக்ராஸ்கோப்பில் தெரிவது இன்னும் தெளிவாகும். இதை யாரும் செய்வதில்லை. இன்னொன்று, முற்றிப் பழுத்த வெள்ளைப் புரையில் எவ்வளவு ஏற்றினாலும் உள்ளிருந்து சிவப்பு வராது. அங்கே வழி லைட் இல்லை, உறையை நீலமாக்கிக் காட்டும் டிரைபான் ப்ளூ சாயம். டாக்டர்களுக்கு இது தெரியும். கை திருகுக்குப் போவதற்கு முன் நினைவுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

“அந்தச் சிவப்பு, சிவப்புங்கிறாங்களே, அது என்னது?”

டாக்டர் பார்க்கிற திசையிலேயே வெளிச்சமும் கண்ணுக்குள் இறங்குகிறது. கண்மணி வழியாகப் போய் விழித்திரையில் பட்டுத் திரும்பி வரும்போது சிவப்பாக இருக்கும். ராத்திரி ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண் சிவப்பாகத் தெரியுமே, அதேதான். அந்தச் சிவப்புப் பின்னணியில்தான் புரையும் உறையின் ஓரமும் கோடாகத் தெரியும். புரை ஆபரேஷனுக்கு அது வேண்டும்.

சிக்கலும் இங்கேதான். சிவப்பு தெரிகிறது என்றால் அந்த நிமிடம் வெளிச்சம் விழித்திரையில் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் அது இருக்கட்டும்.

“புதுசா லென்ஸ் வச்சு முடிச்சாச்சு. இனிமே லைட்டைக் குறைச்சா என்ன, குறைக்காட்டா என்ன?”

குறைப்பது மிக முக்கியமான கட்டமே அதுதான். புரை இருக்கும்வரை அதுவே ஒரு திரை, நீலத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். எடுத்ததும் திரை போய்விட்டது. புது லென்ஸை வைத்த பிறகு விளக்கின் உருவம் விழித்திரையில் தெளிவாக, ஒரே இடத்தில் குவிந்து விழும். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடிக்கிற மாதிரி என்று சொன்னால் சிஸ்டர்களுக்குச் சட்டென்று புரிகிறது, ஆனால் முன்னே சொன்னபடி இங்கே சூட்டுக் கதை இல்லை, குவிவது மட்டும்தான் ஒற்றுமை.

லென்ஸ் உள்ளே போனதும் செய்யவேண்டியது இரண்டு மூன்றுதான். திருகைக் குறையுங்கள். தையல் போட வேண்டியிருந்தால் கண்மணியின் மேல் ஈரப் பஞ்சுத் துண்டு வைத்து மறைக்கலாம், சில மைக்ராஸ்கோப்பில் இதற்கென்றே நடுவை மறைக்கிற தகடு இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் மைக்ராஸ்கோப்பைக் கொஞ்சம் சாய்த்தாலே வெளிச்சம் பார்வையின் மையப் புள்ளியை விட்டு விலகும். டாக்டர் கருவிக்காகக் கை நீட்டிக் காத்திருக்கும் அரை நிமிடம், நூல் வரத் தாமதமாகும் ஒரு நிமிடம், இந்தச் சில்லறை நேரங்களைத்தான் நான் கணக்கில் சேர்ப்பேன். அப்போதெல்லாம் அந்தப் பஞ்சு கண்ணின் மேல் இருக்கலாமே.

“மஞ்சள் ஃபில்டர் போட்டா எல்லாம் சரியாயிருமா?”

நீலத்தை வெட்டும், நல்லது. பார்க்கிற நிறம் மாறும், அதனால் சில டாக்டர்களுக்குப் பிடிக்காது. ஒரு சமாதானம் இருக்கிறது: சிவப்பு வேண்டிய கட்டத்தில் எடுத்துவிட்டு, தையலின்போது போட்டுக்கொள்ளலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மட்டும் எப்போதும் உள்ளேயே இருக்கவேண்டியது. பல்பு அறையைத் திறந்து சுத்தம் செய்த யாரோ அதை எடுத்துவைத்துவிட்டு மறந்ததை நான் ஒரு தடவை அலமாரி இழுப்பறையில் கண்டுபிடித்தேன். “இது எதுக்குன்னு தெரியல, அதான் பத்திரமா வச்சோம்” என்றார்கள்.

“அந்தக் கனமான சாமான் மேல விழுந்திராதா? எனக்கு அதுதான் பயமா இருக்கு”

தடாலென்று விழுவது அரிது. மெல்ல இறங்குவதுதான் நடக்கும். கை என்று சொல்கிற அந்த நீளப் பகுதியில் ஸ்பிரிங்கின் இறுக்கம் மைக்ராஸ்கோப்பின் எடைக்குச் சரியாக இருந்தால், விட்ட இடத்தில் நிற்கும். ஒரு கேமராவைக் கூடுதலாக மாட்டினால் எடை மாறிவிடும், இறுக்கத்தையும் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் நிமிடத்துக்கு ஒரு விரல் அளவு தணியும். டாக்டர் ஃபோகஸ் போகிறதென்று பெடலை மிதித்துச் சரிசெய்துகொண்டே இருப்பார், ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை.

சோதனை இதுதான். நோயாளியை உள்ளே கூட்டி வருவதற்கு முன், மைக்ராஸ்கோப்பை வேலை செய்யும் உயரத்தில் நிறுத்தி உங்கள் கையை எடுத்துவிட்டு, வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்து பாருங்கள். இறங்கியிருந்தால் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட்டைத் தொடங்கக்கூடாது. சக்கரங்கள் நான்கின் பிரேக்கும் பூட்டியிருக்கவேண்டும். ஸ்டாண்டை நகர்த்தும்போது அதன் கையை மடக்கிப் பூட்டி, இரண்டு பேராகத் தள்ளுங்கள். வாசல் படியில் சக்கரம் தட்டினால் முழுப் பாரமும் தலைப்பக்கம் சாயும். இடம் மாற்றும் வேலையை நோயாளி மேஜையில் இருக்கும்போது ஒருபோதும் செய்யாதீர்கள்.

“ஆபரேஷன் நடுவுல பல்பு போயிட்டா?”

பெரும்பாலான மைக்ராஸ்கோப்பில் இரண்டு பல்பு உண்டு. ஒன்று போனால் லிவரைத் தள்ளினால் மற்றது வரும். இங்கே ஒரு கதை. எங்கே என்று சொல்லமாட்டேன். நடுவில் பல்பு போயிற்று, சிஸ்டர் லிவரைத் தள்ளினார், இருட்டு. இரண்டாவது பல்பு மூன்று மாதம் முன்பே போயிருந்தது. முதல் தடவை போனபோது மாற்று பல்புக்குத் தள்ளியவர்கள், போனதற்குப் புதிது போடவில்லை. டாக்டர் கையை அசைக்காமல் கருவியை வெளியே எடுத்து, கண்ணை மூடி, டார்ச் வெளிச்சத்தில் பல்பு மாற்றுகிறவரை காத்திருந்தார். நல்ல வேளை, புரை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

தினமும் காலையில் இரண்டு பல்பையும் எரியவிட்டுப் பாருங்கள். 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜனில் சில வகைகளின் ஆயுள் 50 மணி நேரம்தான். மாற்றும்போது புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி ஆயுள் குறையும், அதனால்தான் அது உறையோடு வருகிறது, உறையோடு செருகிய பிறகு உறையை உருவலாம். எரிந்துகொண்டிருந்த பல்பைத் துணி சுற்றிக்கூட உடனே பிடிக்கவேண்டாம்.

“கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கே, போதாதா?”

ஜெனரேட்டர் எடுக்க விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில் கண்ணுக்குள் கருவி இருக்கும். மைக்ராஸ்கோப்புக்கு யூபிஎஸ் தனியாக வேண்டும், அதில் ஆட்டோக்ளேவையோ ஏசியையோ இணைக்காதீர்கள். ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் லைன் ஆடுகிறபோது வோல்ட்டேஜ் ஏறி இறங்கும், அதற்கு ஸ்டெபிலைசர். யூபிஎஸ் பேட்டரி செத்திருப்பது நிஜமாகக் கரண்டு போகிற அன்றுதான் பலருக்குத் தெரிய வருகிறது. மாதம் ஒரு முறை, காலித் தியேட்டரில், மைக்ராஸ்கோப் எரியும்போது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

“லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி இருக்கு. சிலந்தி எப்படி உள்ள போச்சு?”

சிலந்தி இல்லை, பூஞ்சை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் என் வேலையில் பாதி இதுதான். தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில்தான் மழைக்காலம். நமக்கு ஆனியில் தென்மேற்கும் உண்டு, ஐப்பசியில் வடகிழக்கும் உண்டு. மேற்கே கடல் உப்பு, கிழக்கே மலை ஈரம். வீட்டில் பெல்ட்டும் செருப்பும் பூத்துப்போகிற ஊரில் லென்ஸ் மட்டும் தப்பிக்குமா?

குளச்சல் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மைக்ராஸ்கோப்பை மிகப் பாசமாக வைத்திருந்தார்கள். சாயங்காலம் லிஸ்ட் முடிந்ததும் கனத்த பிளாஸ்டிக் உறையைப் போட்டுக் கீழே கயிறு கட்டி, ஏசியை அணைத்து, கதவைப் பூட்டுவார்கள். கீழ் லென்ஸைக் கழற்றிச் சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி, பனியில் நனைந்த நூல் மாதிரி கிளை கிளையாக ஓடியிருந்தது. ஈரக்காற்று உறைக்குள் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுவதும் லென்ஸோடு இருந்திருக்கிறது. பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடி மேல் உள்ள பூச்சை அரித்துவிடும். ஆரம்பத்தில் பார்த்தால் துடைத்து எடுக்கலாம், அரித்த பிறகு லென்ஸை மாற்றத்தான் வேண்டும். அந்த லென்ஸ் தேறவில்லை.

பிளாஸ்டிக்குக்குப் பதில் பருத்தித் துணி உறை போடுங்கள். கண் வைக்கும் குழல்களையும் கழற்றும் லென்ஸ்களையும் இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, உலர்த்தவேண்டும். (ஒரு சிஸ்டர் அதைத் தோசைக்கல்லில் வறுத்தார். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, சமையல் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு ஜெல் வாங்கிக்கொள்வது நல்லது.) அறையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று மாட்டி, 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடக்கும் மைக்ராஸ்கோப்பில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

“ஸ்பிரிட் பஞ்சு வச்சுத் துடைச்சா போதும்லா?”

முதலில் ஊதும் பந்தால் தூசியைத் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். தூசி இருக்கும்போது தேய்த்தால் அதுவே உப்புத்தாள். பிறகு லென்ஸ் தாளில் லென்ஸுக்கான திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவில் இருந்து வெளிப்பக்கமாகச் சுருள் போலத் துடையுங்கள். தியேட்டர் காஸ் துணியும் முகக்கவசமும் லென்ஸுக்கு ஆகாது. திரவத்தை லென்ஸின் மேலேயே ஊற்றினால் ஓரம் வழியாக உள்ளே போகும். நீங்கள் துடைக்கவேண்டியது வெளியே தெரியும் இரண்டு பரப்பு மட்டும்தான், கீழ் லென்ஸும் கண் வைக்கும் லென்ஸும். உள்ளே திறக்காதீர்கள்.

உப்புக் கரைசல் தெறித்திருந்தால் காய்வதற்கு முன், அன்றன்றைக்கே, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த தாளால் எடுத்துவிடுங்கள். லைட் பத்தவில்லை என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதிலில் பாதி இதிலேயே தீரும்.

“மைக்ராஸ்கோப் ஸ்டெரைல் இல்லையே. டாக்டர் கையால தொடுறாரு, கிருமி வராதா?”

திருகுகளுக்கும் கைப்பிடிகளுக்கும் ஆட்டோக்ளேவ் செய்யக்கூடிய மூடிகள் வரும். டாக்டர் தொடுவது அதை மட்டும்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் வேறு செட் போடவேண்டும், ஆகவே ஒரு செட் வைத்துக்கொண்டு இருபது கேஸ் செய்ய முடியாது. மூடி கழன்று விழுந்தால் “பரவால்ல, அப்படியே போடு” என்று போடக்கூடாது.

இன்னொன்றைப் பலர் நினைப்பதில்லை. மைக்ராஸ்கோப் திறந்த கண்ணுக்கு நேர் மேலே நிற்கிறது. அதன் மேல்தட்டில் ஒரு வாரத் தூசி இருந்தால், டாக்டர் அதை நகர்த்தும்போது எங்கே விழும்? லிஸ்ட் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஃபுட் பெடலைத் தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டுவையுங்கள். தரையில் வழியும் தண்ணீரும் அயோடினும் உள்ளே போனால் பெடல் தானாகவே ஃபோகஸை ஓட்டும்.

“பெரிய டாக்டர் பாத்தா தெளிவா இருக்கு, சின்ன டாக்டர் பாத்தா மங்கலா இருக்கு. மைக்ராஸ்கோப் கெட்டுப் போச்சா?”

இல்லை, கண் மாறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள தூரமும் பவரும் வேறு. பவரை அந்தக் குழலில் உள்ள வளையத்தில் வைக்கலாம், கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்கிறவர் பூஜ்யத்தில் விடவேண்டும். அதிக ஜூமில் ஃபோகஸ் செய்துவிட்டுக் குறைந்த ஜூமுக்கு வந்து, ஒவ்வொரு கண்ணாக வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கினால், பிறகு எந்த ஜூமுக்குப் போனாலும் கலையாது. இதைச் செய்யாதவர்தான் ஆபரேஷன் முழுக்கப் பெடலை மிதித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிவைத்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கோயில் கட்டலாம்.

அதேபோல ஒவ்வொரு கேஸுக்கு முன்னும் ஃபோகஸையும் பக்கவாட்டு நகர்வையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். விளிம்பில் நின்றால், கண் கொஞ்சம் நகர்ந்ததும் பெடல் அதற்கு மேல் போகாது. டாக்டர் தலையைத் தூக்கி மைக்ராஸ்கோப்பைக் கையால் இழுப்பார், கண்ணுக்குள் கருவி இருக்கும்போது அது வேண்டாத வேலை. உட்காரும் வரிசையும் முக்கியம்: முதலில் நோயாளியின் தலை, அப்புறம் நாற்காலி, பெடல், கடைசியாக மைக்ராஸ்கோப். தலைகீழாகச் செய்கிறவர்களுக்குக் கழுத்து வலி நிச்சயம்.

“அம்மைக்கு ராத்திரி எல்லாம் இருமல். சொல்லணுமா, சொன்னா தேதி தள்ளிப் போடுவாங்களே?”

சொல்லியே ஆகவேண்டும். பத்து மடங்கு ஜூமில் ஒரு மில்லிமீட்டர் அசைவு ஒரு சென்டிமீட்டராகத் தெரியும். முதல் பதிலில் சொன்ன அந்த உறையின் கனத்தை நினைத்துப் பாருங்கள். தேதி தள்ளிப் போவது நஷ்டமில்லை. மேஜையில் இருக்கும்போது இருமல் வந்தால் தலையை அசைக்காமல் “டாக்டர், இருமல் வருது” என்று வாயால் சொன்னால் போதும், அவர் கருவியை எடுத்துவிட்டு இருமச் சொல்லுவார். சொல்லாமல் அடக்கி அடக்கித் திடீரென்று இருமுவதுதான் ஆபத்து. முகப்பருவுக்கான டாக்சிசைக்ளின், மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், வெளிச்சத்துக்குக் கண்ணைக் கூடுதலாகக் கூசவைக்கும் மருந்துகள் பட்டியலில் இவை வரும்.

“பழைய மைக்ராஸ்கோப் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா?”

வாங்கலாம், பார்த்து வாங்கினால். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பூஞ்சை பாருங்கள். கையை நிறுத்தி இறங்குகிறதா பாருங்கள். அந்த வகைப் பல்பு இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கீழ் லென்ஸில் எத்தனை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், காது மூக்கு தொண்டைக்கு வைத்த நீளமான லென்ஸோடு சிலது வரும், கண்ணுக்கு நிற்கும் உயரம் ஒத்துவராது. புற ஊதாக் கண்ணாடி அதன் இடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கண் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பின் வெளிச்ச அபாயத்துக்கென்றே ஐஎஸ்ஓ 10936-2 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி சோதித்த விவரம் கையேட்டில் இருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

“ஆபரேஷன் முடிஞ்சு கட்டு அவுத்தா எல்லாம் சிவப்பா தெரியுதாம். லைட்டாலயா?”

சிலருக்கு ஒன்றிரண்டு நாள் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிவது வழக்கம், தானாகப் போய்விடும். வெளிச்சத்தில் கூசியதன் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். நிறம் போன பிறகும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கிறது, முகத்தைப் பார்த்தால் மூக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அது வேறு. அன்றே டாக்டரிடம் போங்கள்.

“ஆபரேஷன் நல்லா நடந்துச்சு, பார்வை மட்டும் தேறல. மைக்ராஸ்கோப் லைட்டுதான் காரணம்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

முதலில், காரணம் வேறாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சர்க்கரையால் கெட்ட விழித்திரை, மையத்தில் நீர் கோத்துக்கொள்வது, ஏற்கெனவே இருந்து புரைக்குப் பின்னால் தெரியாமல் போன கோளாறு என்று பல உண்டு. லைட்டால் வந்த புண்ணுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. ஓரிரு நாளில் விழித்திரையில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, ஓரம் தெளிந்த நீள்வட்டமாக ஒரு திட்டு தெரியும், விளக்கின் உருவமே பதிந்த மாதிரி. நாளாக நாளாக அது கருமை கலந்த புள்ளிகளாக மாறும். மையத்தைத் தொடாமல் தள்ளி விழுந்திருந்தால் நோயாளிக்குத் தெரியாமலேகூட இருக்கலாம். பலருக்குச் சில மாதத்தில் பார்வை தேறிவிடுவதும் உண்டு.

என்னைக் கூப்பிட்டுக் கேட்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை நிமிடம், திருகு எந்த எண்ணில் இருந்தது? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரே ஓர் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் தொடங்கிய மணி, முடிந்த மணி, லைட் எண் மூன்றையும் சிஸ்டர் பேனாவால் எழுதிவைக்கிறார். அச்சடித்த கட்டம்கூட இல்லை, ஓரத்தில் இடம் இருந்ததாம்.